கோர்ஸ் முடிந்த பிறகு கதவைத் திறப்பது யார்?



போன எபிசோடுக்குப் பிறகு வந்த மெயில்களில் ஒன்று நாலு நாளாக மண்டைக்குள்ளேயே நிற்கிறது. சிட்னி டூங்காபியிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தா. வயது 23. போன வருடம் கொம்பியூட்டர் சயன்ஸ் டிகிரி முடித்திருக்கிறா. 140 இடத்துக்கு மேல் அப்ளை பண்ணியாச்சு, கிடைத்தது இரண்டே இரண்டு இன்டர்வியூ. இப்போ ஒரு ஏஐ பூட்கேம்ப் விளம்பரம் கண்ணில் பட்டிருக்கு. ஆறு மாதம், முழுக்க ஒன்லைன், 14,000 டாலர். கேள்வி ஒரு வரிதான்: “அண்ணா, அம்மா காசு தாறன் எண்டு சொல்லுறா. சேரட்டா?”

பதில் எழுத உட்கார்ந்தேன். “அம்மா காசு தாறன்” என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. எங்கட வீட்டிலும் இப்படி ஒரு கோர்ஸ் வந்து போனது. அந்தக் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் விளங்கும். அதனால் இந்தக் கிழமை நியூஸ்லெட்டர் கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றைப் போட்டுக்கொண்டு வாங்கோ.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “புது ஸ்கில் படி, காலம் மாறுது” என்று அரசியல்வாதி சொல்கிறார், ரிக்ரூட்டர் சொல்கிறார், லிங்க்ட்இன்னில் முன்பின் தெரியாதவர்களும் சொல்கிறார்கள். எல்லாரும் படிப்பைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். படிக்கிற காலத்தில் வாடகையை யார் கட்டுவது, படித்து முடிந்ததும் முதல் தடவை பிழைவிட்டுப் பழக யார் இடம் தருவது, இந்த இரண்டைப் பற்றியும் பெரிதாக யாரும் வாய் திறப்பதில்லை. அந்த இரண்டும் இல்லாத கோர்ஸ் பெரும்பாலும் கோர்ஸ் விற்பவருக்குத்தான் வேலை கொடுக்கிறது.

முதலில்: குறை உங்களிடம்தானா?

2025 ஜூலையில் கொமன்வெல்த் வங்கி தன் வாடிக்கையாளர் சேவையில் 45 வேலைகளை நீக்கப்போவதாகச் சொன்னது ஞாபகம் இருக்கும். போன் எடுக்க ஒரு ஏஐ குரல் பொட் வந்துவிட்டது, மனிதர்கள் எடுக்க வேண்டிய அழைப்புகள் குறைந்துவிட்டன என்பது வங்கி சொன்ன காரணம். ஊழியர்களின் சங்கமான ஃபினான்ஸ் செக்டர் யூனியன் அதை மறுத்தது. அழைப்புகள் உண்மையில் கூடுகின்றன, ஓவர்டைம் கொடுக்கிறார்கள், டீம் லீடர்களையே போன் எடுக்க விடுகிறார்கள் என்றது. விஷயம் ஃபெயார் வேர்க் கமிஷன் வரை போனது. ஓகஸ்ட்டில் வங்கி தன் கணிப்பு பிழை என்று ஒப்புக்கொண்டது. அந்த வேலைகள் தேவைதான் என்று சொல்லி, ஊழியர்களிடம் மன்னிப்பும் கேட்டது.

அந்த 45 பேரை ஒருக்கா நினைத்துப் பாருங்கோ. ஜூலையில் அவர்களைக் கண்டவர்கள் எல்லாம் என்ன சொல்லியிருப்பார்கள்? “ஏஐ படியுங்கோ, ரீஸ்கில் பண்ணுங்கோ.” ஆனால் அவர்களிடம் திறன் குறைவாக இருக்கவில்லை. மேலே இருந்த யாரோ போட்ட கணக்குத்தான் பிழை. சங்கம் என்று ஒன்று இருந்ததால் அந்தப் பிழை வெளியே வந்தது. தனியாக இருந்திருந்தால் அந்த 45 பேரும் தங்களையே குறை சொல்லிக்கொண்டு எங்காவது ஒரு கோர்ஸுக்குக் காசு கட்டியிருப்பார்கள்.

ஏஐ ஒன்றும் செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. அதே ஓகஸ்ட்டில் ஜொப்ஸ் அண்ட் ஸ்கில்ஸ் அவுஸ்திரேலியா என்ற அரசு நிறுவனம் ஜெனரேட்டிவ் ஏஐ பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. அதன் சாரம்: இந்த ஏஐ பெரும்பாலான வேலைகளை முழுதாக விழுங்குவதைவிட, வேலை செய்யும் விதத்தை மாற்றப்போவதுதான் அதிகம், கிளார்க், ரிசெப்ஷனிஸ்ட், புக்கீப்பிங் மாதிரியான வேலைகளுக்கு ஆபத்து கூட. மாற்றம் உண்மை. ஆனால் மாற்றம் வருகிறது என்பதற்கும், அதன் செலவு முழுவதையும் நீங்கள்தான் தூக்க வேண்டும் என்பதற்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கு.

ஒரே வீடு, இரண்டு கோர்ஸ்

அப்பா யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியார். 90களில் மெல்பேர்ன் வந்து, வடக்குப் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடம் நின்றார். 2013 மேயில் ஃபோர்ட் மூடப்போவதாக அறிவித்தது. டிசம்பரில் ஹோல்டன். 2014 பெப்ரவரியில் டொயோட்டா. ஒன்பது மாதத்துக்குள் மூன்றும். ஃபோர்ட் 2016 ஒக்டோபர் 7 ஆம் தேதியும், டொயோட்டாவின் ஆல்டோனா ஆலை 2017 ஒக்டோபர் 3 ஆம் தேதியும், ஹோல்டனின் எலிசபெத் ஆலை அதே மாதம் 20 ஆம் தேதியும் கடைசிக் காரை அனுப்பின. அப்பா வேலை செய்த மாதிரிச் சின்ன சப்ளையர்கள் அதுவரை தாங்கவில்லை. 2014 குளிர்காலத்தில் ஆறு கிழமை நோட்டீஸ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த மாதம் ஷொப்பிங் சென்டரில் ஒரு மேசை போட்டு ஒருத்தர் நின்றார். பிசினஸ் டிப்ளோமா. வீட்டிலிருந்தே படிக்கலாம், இப்போ ஒரு சதமும் கட்டத் தேவையில்லை, சேர்ந்தால் ஒரு லப்டொப் இலவசம். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு லப்டொப்போடு வீட்டுக்கு வந்தார். எனக்கு அப்போதே வேலை கிடைத்து மூன்று வருடம். அந்தப் பேப்பரை வாங்கி ஒருக்கா வாசித்திருக்கலாம். வாசிக்கவில்லை. அப்பா சந்தோஷமாக இருந்தார், அது போதும் என்று விட்டுவிட்டேன்.

அந்தத் திட்டத்தின் பெயர் வெட் ஃபீ-ஹெல்ப். தொழிற்கல்வி டிப்ளோமாக்களுக்கு அரசு கொடுத்த கடன். கொலேஜுக்குக் காசு உடனே அரசிடமிருந்து போய்விடும். மாணவர் பெயரில் கடன் நிற்கும், அதற்கு மேல் 20 சதவீதக் கட்டணம் வேறு. மாணவர் படித்தாரா, வேலை கிடைத்ததா என்பது கொலேஜின் வருமானத்தைத் தொடவே இல்லை. 2009 இல் சுமார் 5,000 மாணவர்களும் 26 மில்லியன் டாலருமாக இருந்த கடன், 2012 இல் விதிகளைத் தளர்த்திய பிறகு ஏறி, 2015 இல் சுமார் 272,000 மாணவர்களும் 2.9 பில்லியன் டாலருமாக நின்றது. லப்டொப் கொடுத்து ஆள் சேர்ப்பதை 2015 இல் தடை செய்தார்கள். 2016 முடிவில் திட்டத்தையே மூடினார்கள்.

அப்பா இரண்டு பாடம் முடித்தார். பிறகு டியூட்டர் என்று சொல்லப்பட்டவர் மெயிலுக்குப் பதில் போடுவதை நிறுத்திவிட்டார். ஃபோர்க்லிஃப்ட் லைசன்ஸ் எடுத்து அப்பா நைட் ஷிஃப்டுக்குப் போனார். கடன் 17,000 டாலர் சொச்சம். வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தவரை அது சத்தம் போடவில்லை, வருடா வருடம் விலைவாசிக்கு ஏற்றபடி ஏறிக்கொண்டு மட்டும் இருந்தது. 2019-20 இல் திருப்பிக் கட்டத் தொடங்கும் வருமான வரம்பை 45,881 டாலருக்கு இறக்கினார்கள். அப்போதுதான் வரிக் கணக்கில் அது தலை காட்டியது. ஏமாற்றப்பட்ட மாணவர்களின் கடனை ரத்துச் செய்ய 2019 முதல் ஒரு ஏற்பாடு இருந்தது. ஒம்புட்ஸ்மனுக்கு எழுதி, 2021 இல் அப்பாவின் கடனும் போனது. கடன் போனது, சரி. 52 வயதில் ஒரு மனிதர் “நான் திரும்பப் படிக்கப்போறன்” என்று மேசை துடைத்து வைத்த அந்த வருடம் திரும்பி வரவில்லை.

இப்போ அம்மாவின் கதை. அது சின்னது. 2016 இல் அம்மா டேஃப்பில் முதியோர் பராமரிப்புக்கான சேர்ட்டிஃபிகேட் த்ரீ படித்தா. அந்தச் சேர்ட்டிஃபிகேட் வாங்க வேண்டுமென்றால் குறைந்தது 120 மணித்தியாலம் உண்மையான ஒரு இடத்தில் வேலை பழகியே ஆகவேண்டும். அது கோர்ஸின் விதி. அம்மா ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனா. முதல் நாள் ஒரு கிழவியைக் கட்டிலில் திருப்பிப் படுக்க வைக்கத் தெரியாமல் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தா. கடைசி நாள் அங்கிருந்த மனேஜர், “திங்கட்கிழமை வரமுடியுமா?” என்று கேட்டார். அம்மா இன்றைக்கும் அங்கேதான்.

அப்பாவின் படிப்பு அம்மாவின் படிப்பைவிடக் கூட. ஆங்கிலமும் கூட. உழைப்பில் இருவரும் ஒன்றுதான். அப்போ வித்தியாசம் எங்கே? முதியோர் பராமரிப்பில் ஆள் தட்டுப்பாடு இருந்தது என்பீர்கள். ஓம், இருந்தது. இல்லாத வேலைக்கு எந்தக் கோர்ஸாலும் ஆளை அனுப்ப முடியாது. அதோடு, அம்மாவின் கோர்ஸ் அவவை ஒரு வேலையிடத்துக்குள்ளே கொண்டுபோய் விட்டது. அப்பாவின் கோர்ஸ் அவரைச் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் லப்டொப்போடு விட்டது.

பெரிய கொம்பனி, சின்ன கொம்பனி, கொன்ட்ராக்டர்

ஆல்டோனாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். டொயோட்டா அறிவித்ததற்கும் மூடியதற்கும் நடுவில் மூன்றரை வருடம் இருந்தது. சுமார் 2,600 பேர் வேலையை இழந்தார்கள். ஆனால் அந்த மூன்றரை வருடத்தில், சம்பளத்தில் இருக்கும்போதே, வேலை ஆலோசனையும் பயிற்சியும் கொம்பனியின் ஏற்பாட்டில் கிடைத்தன. எல்லாருக்கும் பழைய மாதிரி நல்ல வேலை கிடைத்துவிடவில்லை. ஆனாலும் ஆறு கிழமைக்கும் மூன்றரை வருடத்துக்கும் உள்ள வித்தியாசம் சும்மா இல்லை. அதே கார், அதே தொழில். அப்பா சப்ளையரில் நின்றதால் அந்த வரிசையின் கடைசியில் நின்றார்.

இன்றைக்கு ஐடியில் அந்த வரிசையின் கடைசியில் நிற்பது என்னைப் போன்ற கொன்ட்ராக்டர்கள்.

நான் ஏபிஎன் வைத்து சோல் டிரேடராக வேலை செய்பவன். ஆறு மாதம், ஆறு மாதமாக நீளும் கொன்ட்ராக்ட். நாட்கூலி நல்லது, மறுக்கவில்லை. போன வருடம் ஒரு இடத்தில் கொன்ட்ராக்டை நீட்டவில்லை. ஏஜென்சியிலிருந்து ஒரு அன்பான மெயில் வந்தது: ஏஐ பக்கம் கொஞ்சம் அப்ஸ்கில் பண்ணிக்கொள்ளுங்கோ என்று. பண்ணினேன். ஐந்து கிழமை. அமேசான் கிளவுடின் அசோசியேட் பரீட்சைக்குக் கட்டணம் 150 அமெரிக்க டாலர், சேர்ட்டிஃபிகேட் மூன்று வருடம் செல்லும். அது ஒரு காசே இல்லை. ஐந்து கிழமை வருமானம் இல்லாமல் வீட்டுக் கடன் கட்டியதுதான் செலவு. கோர்ஸ் விளம்பரங்களில் அந்தத் தொகை எங்கும் எழுதப்பட்டிருக்காது.

அரசு உதவி இருக்கிறதே என்பீர்கள். பார்ப்போம். 2022 மார்ச் 29 முதல் 2024 ஜூன் 30 வரை சின்ன வியாபாரங்களுக்குப் பயிற்சிச் செலவில் 20 சதவீதம் கூடுதலாகக் கழிக்கும் சலுகை ஒன்று இருந்தது. நல்ல திட்டம். ஆனால் ஊழியர்களைப் பயிற்றுவித்தால்தான். சோல் டிரேடர் தன்னைத்தானே பயிற்றுவித்தால் கிடையாது. 2020 ஒக்டோபர் முதல், வேலை நீக்கப்படும் ஊழியருக்கு வேறு வேலைக்கான பயிற்சி கொடுக்கும் முதலாளிக்கு ஃப்ரிஞ்ச் பெனிஃபிட் வரி விலக்கு இருக்கு. அதுவும் ஊழியருக்குத்தான்.

இதைவிட எனக்குக் கோபம் வருவது வரி விதியின் அடிப்படைக் கோட்டைப் பார்த்து. இது கொன்ட்ராக்டருக்கு மட்டுமில்லை, வேலை செய்யும் உங்கள் எல்லாருக்கும் பொருந்தும். இப்போ செய்யும் வேலைக்கான திறனைத் தக்கவைக்கிற அல்லது கூட்டுகிற படிப்பு என்றால் அந்தச் செலவைக் கழிக்கலாம். புதிய வேலை ஒன்றுக்குப் போவதற்கான படிப்பு என்றால் கழிக்க முடியாது. வரி அலுவலகம் 2024 இல் வெளியிட்ட டிஆர் 2024/3 என்ற ரூலிங்கிலும் இதே கோடுதான். ஒரு டெஸ்டர் டெஸ்ட் ஒட்டோமேஷன் படித்தால் கழிவு உண்டு. அதே டெஸ்டர், டெஸ்டிங் வேலையே போகப்போகிறது என்று நேர்ஸிங் படித்தால் இல்லை. அதாவது மூழ்கும் கப்பலில் மேல்தட்டுக்கு ஏறினால் சலுகை, வேறு கப்பலுக்குத் தாவினால் இல்லை. 2020 ஒக்டோபர் பட்ஜெட்டில் இந்தக் கோட்டை மாற்றுவது பற்றி ஆலோசிப்போம் என்றார்கள். கோடு இன்றும் அதே இடத்தில் இருக்கு. ஒரு பக்கம் “மாறுங்கோ, மாறுங்கோ” என்று மேடையில் பேச்சு. இன்னொரு பக்கம் மாறுபவருக்கு மட்டும் கழிவு இல்லை என்று சட்டம்.

ஏணியின் கடைசிப் படி

டூங்காபித் தங்கச்சியின் 140 விண்ணப்பங்களுக்கு வருகிறேன். அவவுக்கு என்ன ஸ்கில் குறைவு? மெயிலோடு ஒரு ப்ரொஜெக்ட் லிங்க் அனுப்பியிருந்தா. பார்த்தேன். 2011 இல் டிகிரி முடித்து வந்த நான் எழுதிய கோடைவிட அது எவ்வளவோ மேல். எனக்கு வேலை கிடைத்தது, அவவுக்குக் கிடைக்கவில்லை.

என் முதல் வேலை ஒரு பேரோல் சொஃப்ட்வேரில் ரிக்ரெஷன் டெஸ்டிங். அதே 300 டெஸ்ட், ஒவ்வொரு ரிலீஸுக்கும் கையால். பதினாலு மாதம். செத்துப்போகலாம் போல இருந்த வேலை. ஆனால் பக்கத்துக் கதிரையில் சென்னையிலிருந்து வந்த ஒரு அக்கா இருந்தா. “நம்பரை மட்டும் டிக் பண்ணாதப்பா, இந்த லீவ் லோடிங் ஏன் 17.5 பெர்சன்ட்னு கேளு” என்பா. பேரோல் எப்படி ஓடுது, அது பிழைத்தால் வியாழக்கிழமை யாருக்குச் சம்பளம் போகாது, இதெல்லாம் அந்தச் சலிப்பான பதினாலு மாதத்தில்தான் படித்தேன். இன்றைக்கு என் நாட்கூலி அந்த அறிவுக்குத்தான். எழுதும் கோடுக்கு இல்லை.

இப்போ அந்த 300 டெஸ்ட்டில் பாதி வெளிநாட்டு டீமுக்குப் போய்விட்டது, மீதியை ஸ்கிரிப்ட்டும் ஏஐயும் செய்கின்றன. கணக்குப் பார்த்தால் கொம்பனிக்கு லாபம். ஆனால் அந்த வேலையோடு சேர்ந்து பக்கத்துக் கதிரையும் போய்விட்டது. சீனியருக்கு ஆள் தேடுகிறார்கள், ஜூனியர் இருந்த இடத்தில் யாரும் இல்லை. பத்து வருடம் கழித்து சீனியர் எங்கிருந்து வருவார் என்று கேட்டால், அது அடுத்த மனேஜரின் பிரச்சினை.

இந்த ஓட்டையைப் பூட்கேம்ப் அடைக்காது. பூட்கேம்ப் கொடுப்பது பாடம். அவவுக்கு இல்லாதது கதிரை.

செய்ய முடியாத விஷயமா?

இல்லை. செய்து பார்த்திருக்கிறார்கள். விக்டோரிய அரசு 2020 இல் அறிவித்த டிஜிட்டல் ஜொப்ஸ் திட்டத்தை எடுங்கோ. 64 மில்லியன் டாலர், 30 வயது தாண்டிய 5,000 பேர் வரை. பன்னிரண்டு கிழமை இலவசப் பயிற்சி, அதன் பிறகு பன்னிரண்டு கிழமை ஒரு நிறுவனத்தில் சம்பளத்தோடு வேலை, அந்த நிறுவனத்துக்கு அரசு மானியம். பாடம், கதிரை, காசு மூன்றும் ஒரே திட்டத்தில். அது முடிந்துவிட்டது. முடிந்ததைப் பற்றிப் பெரிய சத்தம் எதையும் நான் கேட்கவில்லை.

2023 முதல் மத்திய அரசு ஃப்ரீ டேஃப் இடங்களுக்குக் காசு போடுகிறது. 2027 முதல் வருடத்துக்கு 100,000 இடங்கள் என்று 2025 மார்ச்சில் சட்டமும் நிறைவேறியது. நல்லதுதான், ஆனால் இலவசம் என்பது கோர்ஸ் கட்டணம் மட்டும். வாடகைக்கு இலவசம் இல்லை. பயிற்சிக் காலத்துக்குக் காசு தேவை என்பதை அரசு ஒரு இடத்தில் ஒப்புக்கொண்டிருக்கு: 2025 ஜூலை முதல் ஆசிரியர், நேர்ஸிங், மிட்வைஃபரி, சமூகப் பணி மாணவர்களில் தகுதியுள்ளவர்களுக்கு, கட்டாய வேலைப் பயிற்சியின்போது வாரத்துக்கு 300 டாலருக்கு மேல் கொடுக்கிறார்கள். கொள்கையில் சரி என்று ஏற்றுக்கொண்ட பிறகு, மற்றத் துறைகளுக்கு ஏன் இல்லை என்பது நியாயமான கேள்வி.

சிங்கப்பூரில் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கோ. 2015 இல் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் 25 வயது தாண்டிய குடிமக்களுக்கு 500 சிங்கப்பூர் டாலர் கிரெடிட். 2024 மேயில் 40 வயது தாண்டியவர்களுக்கு இன்னும் 4,000. 2025 முதல், 40 தாண்டியவர்கள் குறிப்பிட்ட முழுநேரக் கோர்ஸ் படித்தால் மாதத்துக்கு 3,000 டாலர் வரை உதவித்தொகை. கிரெடிட்டைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்தக் கடைசி ஒன்று. படிக்கும் மனிதருக்கு வீட்டுச் செலவும் இருக்கு என்று ஒரு அரசு எழுதி வைத்திருக்கு.

எதிர்க் கருத்துகள் எனக்குத் தெரியும். “எல்லாம் யூடியூபில் சும்மா கிடக்குது, தானாகப் படிக்கிறவன் படிப்பான்.” உண்மை. நானும் அப்படித்தான் பாதி படித்தேன். ஆனால் யூடியூபில் பேரோலை உடைத்துப் பழக முடியாது. “பயிற்சி கொடுத்தால் ஆள் அடுத்த கொம்பனிக்குப் போய்விடுவான்.” இதுவும் உண்மை. அதனால்தான் செலவைத் தனிக் கொம்பனியின் தலையில் மட்டும் போடாமல் அரசும் பங்கு போட வேண்டும் என்கிறேன். எலக்ட்ரிஷியன் அப்ரென்டிஸ் நாலு வருடம் சம்பளத்தோடு பழகும் ஏற்பாடு இந்த நாட்டில் பழசு. பழகியவன் ஓடிவிடுவான் என்று சொல்லி அதை யாரும் நிறுத்தவில்லை.

தங்கச்சிக்குப் பதில்

14,000 டாலரைக் கட்ட வேண்டாம். இப்போ வேண்டாம்.

கட்டியே ஆகவேண்டும் என்று மனம் சொன்னால், முதலில் அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கோ. இந்த ஆறு மாதத்தில் எத்தனை மணித்தியாலம் நான் உண்மையான ஒரு வேலையிடத்தில் இருப்பேன், எந்த இடத்தில்? போன பட்ச்சில் முடித்த மூன்று பேரோடு, நீங்கள் பக்கத்தில் இல்லாமல், நான் கதைக்கலாமா? பாதியில் விட்டால் எவ்வளவு காசு திரும்பும்? முதல் கேள்விக்குப் பதில் “போர்ட்ஃபோலியோ ப்ரொஜெக்ட்” என்று வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வாங்கோ.

அதற்குப் பதிலாக மூன்று வழி. ஒன்று, மத்திய அரசின் கிராஜுவேட் திட்டத்தில் டிஜிட்டல் பிரிவு இருக்கு. நீங்கள் குடியுரிமை உள்ளவரென்றால் கட்டாயம் போடுங்கோ. அங்கே சம்பளமும் உண்டு, பக்கத்துக் கதிரையும் உண்டு. இரண்டு, “டெவலப்பர்” என்ற சொல்லை மட்டும் தேடாதேங்கோ. ஆஸ்பத்திரி, கவுன்சில், லொஜிஸ்டிக்ஸ் கொம்பனி, இவற்றின் ஹெல்ப்டெஸ்க்கும் டேட்டா வேலையும் உள்ளே போகும் வாசல்தான். ஒரு துறை எப்படி ஓடுது என்று தெரிந்தவரை ஏஐயால் லேசில் மாற்ற முடியாது. மூன்று, எங்கட ஊரிலேயே வேலை கிடக்கு. எத்தனையோ வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கூடங்களின் மாணவர் பதிவு இன்னும் ஒரு எக்செல் ஷீட்டில், ஒரே ஒரு மாமாவின் லப்டொப்பில் இருக்கு. அதை எடுத்து ஒழுங்காகச் செய்து கொடுங்கோ. ஒரு டேர்ம் மட்டும், எல்லை போட்டு. சும்மா வேலை செய்வதை ஒரு வாழ்க்கையாக்க வேண்டாம். ஆனால் உண்மையான ஆட்கள் பயன்படுத்தும் ஒன்று உடையும்போது திருத்திய கதை, இன்டர்வியூவில் எந்தச் சேர்ட்டிஃபிகேட்டையும்விடச் சத்தமாகப் பேசும்.

கடைசியாக, என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். விதியை மாற்றச் சொல்லி எம்பிக்கு எழுதுவோம், சரி. அது நடக்கும்வரை எங்கட கையில் இருப்பது கதிரை. இப்போதைய கொன்ட்ராக்டில் கையெழுத்துப் போடும்போது நான் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டேன்: மாதத்தில் இரண்டு பின்னேரம், அங்கே உள்ள ஜூனியர் ஒருத்தர் என்னோடு உட்கார்ந்து வேலை பழகுவார், அது பில் பண்ணக்கூடிய நேரம் என்று. மறுப்பார்கள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். நீங்கள் டீம் லீட், ஆர்க்கிடெக்ட், கொன்ட்ராக்டர் யாராக இருந்தாலும், உங்கள் பக்கத்தில் ஒரு ஜூனியரை உட்கார வைக்க இடம் இருந்தால் இந்த மெயிலுக்கு ரிப்ளை பண்ணுங்கோ. டூங்காபித் தங்கச்சியோடு இன்னும் நாலைந்து பேர் இன்பொக்ஸில் இருக்கிறார்கள். நான் இணைத்து விடுகிறேன்.

நேற்று இரவு அம்மாவிடம் இந்தக் கேள்வியைச் சொன்னேன். ஆறு மாதம், ஒன்லைன், 14,000 டாலர் என்று. அம்மா யூனிஃபோர்மை அயர்ன் பண்ணிக்கொண்டே கேட்டா:

“கோர்ஸ் சரி. எந்த இடத்தில வேலை பழக விடினமாம்?”

அடுத்த கிழமை சந்திப்போம்.